நக்கவாரத் தீவுகள் (17): ஊர் கூடிச் சொல்லும் சொல்

கார் நிக்கோபாரின் ஒவ்வொரு கிராமத்துக்கும் கடலோரத்தில் ஒரு பொது நிலம் இருந்தது. எல்பனம் என்பார்கள். தனிக் குடும்பத்தின் தோட்டம் எதுவும் அதற்குள் வராது. படகுகள் கரையேறுவது அங்கே. விருந்தும் படகுப் பந்தயமும் அங்கே. பிரசவத்துக்கும் சாவுக்கும் என்று தனித்தனிக் குடிசைகள் இருந்ததும் அங்கேதான். ஊர்க் கூட்டமும் அந்த நிலத்தில்தான் நடந்தது. கவிழ்த்து வைத்த தேன்கூடு போன்ற வட்டக் கூரை வீடுகள் ஆளுயர மரக்கால்களின் மேல் நிற்கும். ஏறிப் போக ஏணி. வீட்டின் அடியில் எப்போதும் நிழல் இருக்கும், காற்று இருக்கும். பகலில் வேலையும் ஓய்வும் பேச்சும் அந்த நிழலில்தான்.

சென்ற அத்தியாயத்தில் 1868இல் டேனிஷ்காரர்கள் தங்கள் உரிமையை விட்டுவிட்டுப் போனதையும், மறு ஆண்டு பிரிட்டிஷார் வந்து கொடியேற்றியதையும் பார்த்தோம். ஆண்டவர்களின் கதையைச் சற்றே நிறுத்திவைப்போம். ஆளப்பட்டவர்கள் தங்களுக்குள் ஒரு முடிவுக்கு எப்படி வந்தார்கள், அந்த வழி அடுத்த 150 ஆண்டுகளில் என்ன பாடுபட்டது என்பதுதான் இந்த அத்தியாயம். 2022இல் பெரிய நிக்கோபாரில் ஒரு சம்மதக் கடிதம் கொடுக்கப்பட்டு மூன்றே மாதத்தில் திரும்பப் பெறப்பட்டது. நாளிதழ்களில் அது ஒரு பத்திச் செய்தியாக வந்து போனது. அதன் வேர் மிக ஆழமானது.

முதலில் துஹெட். கார் நிக்கோபாரில் கூட்டுக் குடும்பத்துக்குப் பெயர் அது. நம் ஊர்க் கூட்டுக் குடும்பத்தைவிடப் பெரியது. ஒரு துஹெட்டில் பல வீடுகள் இருக்கும், பல அடுப்புகள் எரியும். நிலம், தென்னை, பன்றி எல்லாம் துஹெட்டின் சொத்து. தனி ஆள் தன் விருப்பத்துக்கு ஒரு துண்டு நிலத்தையும் கைமாற்ற முடியாது. ஆகவே எந்த விஷயமானாலும் முதலில் துஹெட்டுக்குள் பேசியாக வேண்டும். பிறகு துஹெட் தலைவர்கள் ஊர்க் கூட்டத்தில் உட்காருவார்கள். தீவு முழுவதையும் தொடும் விஷயம் என்றால் 15 கிராமங்களின் தலைவர்களும் கூடுவார்கள். மூஸ், பெர்கா, மலாக்கா, தமலூ, சவாய், அரோங் என்று ஒவ்வொரு ஊரின் சொல்லும் அங்கே வந்து சேரும்.

இதில் கவனிக்க வேண்டியது நேரம். கை தூக்கி எண்ணிப் பெரும்பான்மை பார்த்தால் அரை மணியில் முடிந்துவிடும். ஆனால் தோற்ற பக்கத்தாரும் நாளை அதே தோப்பில்தான் தேங்காய் பறிக்க வேண்டும், அதே படகில்தான் துடுப்புப் போட வேண்டும். சுற்றிலும் கடல்; கோபித்துக்கொண்டு வெகுதூரம் போய்விட இடம் கிடையாது. அதனால் மனம் ஒப்பாதவர் ஒருவர் இருந்தால் பேச்சு மறுபடியும் துஹெட்டுக்குத் திரும்பும். சம்மதம் என்பது அங்கே ஒரு நாளில் நடக்கும் காரியம் அல்ல. வீடு வீடாக நடந்து வந்து சேரும் ஒன்று.

தமிழர்களுக்கு இந்த இடத்தில் உத்திரமேரூர் நினைவுக்கு வரும். முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையை விரிவாகச் சொல்கின்றன: 30 குடும்புகள், தகுதியுள்ளோர் பெயர் எழுதிய ஓலைகள், அவற்றைப் போட்ட குடம், ஓலையை எடுக்கும் சிறுவன். அற்புதமான ஏற்பாடு. ஆனால் அது வாரியத்துக்கு ஆள் எடுக்கும் முறை. நிலமும் கல்வியும் உள்ள ஒரு பிராமண சபைக்குள் நடந்தது. அந்தச் சபை ஒரு விவகாரத்தில் எப்படி ஒரு மனதுக்கு வந்தது என்பதை அந்தக் கல்வெட்டுகள் சொல்வதில்லை. சோழர்களின் மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரம் என்று பெயர் பெற்ற இந்தத் தீவுகளிலோ கல்வெட்டே கிடையாது. முறை மட்டும் இருந்தது, எழுதப்படாமலே.

எழுத்தோடு வந்தவர்களுக்கு இது பிடிபடவில்லை. தேங்காய் வாங்க வந்த கப்பல்காரர்களுக்கு ஊருக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது: பேரம் பேச, கணக்கு முடிக்க, தகராறு வந்தால் பிடித்து நிறுத்த. தங்களுக்குத் தெரிந்த பட்டத்தையே அந்த ஆளுக்கும் வைத்தார்கள்: கேப்டன். கார் நிக்கோபாரில் ‘ஃபிரண்ட் ஆஃப் இங்கிலாந்து’ என்றே பெயர் வைக்கப்பட்ட ஒரு கேப்டன் இருந்தார். பிரிட்டிஷார் 1869 முதல் 1888 வரை நான்கவுரித் துறைமுகத்தை ஒட்டிக் கமோர்ட்டாவில் கைதிகள் குடியிருப்பு நடத்திய காலத்தில் இதை ஒழுங்குபடுத்தினார்கள். கேப்டனுக்கு ஒரு சான்றிதழ், ஒரு கொடி, ஒரு உடுப்பு, வந்துபோகும் கப்பல்களைப் பதிய ஒரு நோட்டு. கூட்டத்தின் முடிவை வெளியே எடுத்துச் சொல்லும் வாயாக இருந்தவர், வெளியார் பார்வையில் முடிவெடுக்கும் ஆளாக மாறினார். பின்னால் வந்த எல்லாச் சிக்கல்களுக்கும் விதை இந்த இடத்தில் விழுந்தது என்பது என் கணிப்பு.

ஆனால் தீவார் அந்தப் பட்டத்தைத் தங்கள் வழிக்கு வளைத்துக்கொண்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஊருக்கு ஒரு கேப்டன் போதாது என்று முதல், இரண்டாம், மூன்றாம் கேப்டன் வைத்தார்கள். தீவுக்கு ஒரு தலைமைக் கேப்டன் வந்தார். நான்கவுரிப் பக்கம் பெண்களும் தலைமையில் இருந்தார்கள். ராணி இஸ்லோன், அவருக்குப் பின் ராணி லட்சுமி. பட்டம் வெளியிலிருந்து வந்தாலும் அதன் பலம் துஹெட்டுகளிடமிருந்தே வந்தது. ஊர் ஒப்பாத கேப்டனின் சொல் ஊரில் செல்லாது.

இந்தக் கதையில் ஒரு தமிழரும் வருகிறார். 1890களில் மூஸ் கிராமத்தில் அரசின் முகவராகவும் கிறிஸ்தவ உபதேசியாராகவும் இருந்த வேதப்பன் சாலமன். பள்ளி நடத்தினார், நாட்குறிப்பு எழுதினார். கார் நிக்கோபாரின் அன்றாட வாழ்க்கையைப் பற்றி அந்தக் காலத்து ஆங்கில நூல்களில் உள்ள பல தகவல்களுக்கு அவருடைய குறிப்புகளே ஆதாரம். அவரிடம் படித்த சிறுவர்களில் ஒருவன் பர்மாவின் மாண்டலேவுக்கு மேல்படிப்புக்கு அனுப்பப்பட்டு, ஆசிரியராகத் திரும்பி வந்தான். அவர்தான் ஜான் ரிச்சர்ட்சன். பின்னாளில் பேராயர், 1952இல் முதல் மக்களவைக்கு நியமிக்கப்பட்டவர், புதிய ஏற்பாட்டை நிக்கோபாரியில் தந்தவர்.

1942 முதல் 1945 வரை ஜப்பானியர் பிடியில் தீவு இருந்தது. கடைசி மாதங்களில் ஒற்றர்கள் என்று குற்றம் சாட்டிப் பலரைச் சித்திரவதை செய்து கொன்றார்கள். ரிச்சர்ட்சனுக்கும் மரணம் குறிக்கப்பட்டிருந்தது. போர் முடிந்ததால் தப்பினார். சிதறிப்போன ஊர்களை மறுபடியும் கூட்டி உட்காரவைத்ததில் அவர் பங்கு பெரிது. 1978இல் அவர் இறக்கும்வரை, தீவு ஒரு விஷயத்தில் ஒருமனப்பட வேண்டும் என்றால் அவர் வீட்டுக்குத்தான் முதலில் போனார்கள். ஒரு மனிதரின் மீது இவ்வளவு நம்பிக்கை குவிவது சபைக்கு நல்லதா என்று கேட்கலாம். போரில் அத்தனை இழந்த மக்கள் ஒருவரையாவது நம்ப முடிந்ததே பெரிய காரியம் என்று எனக்குத் தோன்றுகிறது.

சுதந்திர இந்தியா 1956இல் பூர்வகுடிகள் பாதுகாப்பு ஒழுங்குமுறையைக் கொண்டுவந்தது. நிக்கோபாரின் பெரும்பகுதி பழங்குடி ஒதுக்கு நிலம் ஆனது. அனுமதியில்லாமல் வெளியார் நுழைய முடியாது. அதே அரசு 1969 முதல் 1980 வரை பெரிய நிக்கோபாரின் கிழக்குக் கரையில் 330 முன்னாள் ராணுவ வீரர் குடும்பங்களைக் குடியமர்த்தியது. கட்சாலில் ரப்பர் தோட்டம் போட்டு, சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்களைக் கொண்டுவந்தது. 1973இல் கார் நிக்கோபாரில் இட நெருக்கடி என்று குடும்பங்களைச் சிறிய அந்தமானின் ஹர்மிந்தர் பேக்கு அனுப்பியது. யார் போவது என்பதில் நிக்கோபாரியர் தங்களுக்குள் பேசிக்கொள்ள முடிந்தது. ஆனால் சிறிய அந்தமான் ஓங்கே மக்களின் நிலம். அவர்களைக் கேட்டு யாரும் எதையும் செய்யவில்லை. ஒரு கூட்டத்தின் ஒருமனம் இன்னொரு கூட்டத்தின் தலைக்கு மேலே நடந்துவிடலாம். நிக்கோபாரியரின் முறையைப் புகழும்போதும் இதை மறக்கக் கூடாது.

2004 டிசம்பர் 26. சுனாமி. அந்தமான் நிக்கோபார் முழுவதிலும் 3,500 பேருக்கு மேல் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள் என்பது அரசுக் கணக்கு. பெரும்பாலோர் நிக்கோபார் தீவுகளைச் சேர்ந்தவர்கள். பெரிய நிக்கோபாரின் தென்முனை 4 மீட்டருக்கு மேல் கீழிறங்கியது. இந்திரா முனைக் கலங்கரை விளக்கம் கடலுக்குள் நின்றது. கார் நிக்கோபாரில் கடலோர ஊர்கள் அப்படியே போயின. கூட்டம் கூடும் எல்பனங்களும் போயின.

பிழைத்தவர்கள் மேட்டு நிலத்துக்கு ஏறினார்கள். அங்கேயும் துஹெட்தான் கைகொடுத்தது: யார் தோட்டத்தில் யார் தங்குவது, எந்த ஊர் எங்கே மறுபடியும் எழுவது என்பதைத் தலைவர்கள் பேசித் தீர்த்தார்கள். நான்கவுரிப் பக்கத்து மக்களோடு 1999இலிருந்தே பழகிவந்த மானுடவியலாளர் சிம்ரன் ஜித் சிங், அந்த முதல் வாரங்களில் அவர்கள் முதன்மையாகக் கேட்டது கருவிகளைத்தான் என்று பதிவு செய்திருக்கிறார். காட்டைத் திருத்த, படகு செய்ய, வீடு கட்ட. கருவி கொடுத்துவிட்டு எங்களை எங்கள் போக்கில் விடுங்கள் என்பது அவர்கள் நிலை.

வந்தது வேறு. முதலில் தகரக் கூரைத் தற்காலிகக் குடியிருப்பு, வெயிலில் உள்ளே இருக்க முடியாதது. பிறகு நிரந்தர வீடுகள், தீவுகள் முழுவதும் ஒன்பதாயிரத்துக்கு மேல். வடிவம் வெளியே போடப்பட்டது, பொருள்கள் பெருநிலத்திலிருந்து கப்பலில் வந்தன. தனிக் குடும்பத்துக்கு ஒரு வீடு. இழப்பீட்டுப் பணம் தனி ஆளின் வங்கிக் கணக்குக்குப் போனது. துஹெட் என்ற பெயரில் ஒரு கணக்குத் திறக்க எந்தப் படிவத்திலும் இடம் இல்லை. நல்லெண்ணத்தோடு கொடுத்தவர்களும் இதன் விளைவைக் காணவில்லை. தென்னையும் பன்றியும் துஹெட்டுக்குச் சொந்தம், பணம் மட்டும் கணவன், மனைவி, பிள்ளைக்கு என்று ஆனபோது சகோதரர்களுக்குள் இதுவரை இல்லாத கேள்விகள் முளைத்தன. பேச்சு தொடங்கும் முதல் படியே பெயர்ந்துவிட்டது.

இதே நாட்களில் நாகப்பட்டினத்தில் என்ன நடந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் இறந்தவர்கள் 6,000க்கு மேல். மீனவர் ஊர்ப் பஞ்சாயத்துகள் நிவாரணப் பொருள்களைப் பொதுவில் வாங்கி, ஊரில் உள்ள குடும்பங்களுக்குச் சமமாகப் பிரித்தன. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் தொண்டு நிறுவனங்களின் ஒருங்கிணைப்பு மையம் ஒன்று உருவாகி, அந்தப் பஞ்சாயத்துகளோடு உட்கார்ந்து பேசியது. அதனால் பல குழப்பங்கள் தவிர்ந்தன. ஆனால் பஞ்சாயத்தில் பெண்கள் உட்காரவில்லை. கடலோரத்தில் கூலி வேலை செய்த தலித் குடும்பங்கள் பஞ்சாயத்தின் கணக்கிலேயே இல்லை. விதவைகளுக்குப் பங்கு போய்ச் சேர்ந்ததா என்று தனியே விசாரிக்க வேண்டியிருந்தது. ஒருமனம் என்றாலே நியாயம் என்று ஆகிவிடாது; கூட்டத்தில் யாருக்கு இடம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது அது.

இந்தக் கேள்வியை ஒரு முறையாகவே வளர்த்தவர்கள் இருக்கிறார்கள். 1980களின் இறுதியில் குஜராத்தில் ஆகா கான் கிராம ஆதரவுத் திட்டமும், கர்நாடகத்தை மையமாகக் கொண்ட மைராடாவும், ராபர்ட் சேம்பர்ஸ் போன்ற ஆய்வாளர்களும் சேர்ந்து ஊர் மக்களே நடத்தும் கிராம மதிப்பீட்டு முறையைச் செம்மைப்படுத்தினார்கள். அதன் உயிர்நாடி தரையில் போடும் வரைபடம். தாளும் பேனாவும் படித்தவர் கையில் இருக்கும். தரை எல்லோருக்கும் பொது. கோலமாவும் கல்லும் விதையும் இலையும் வைத்து ஊரார் தங்கள் ஊரைத் தாங்களே வரைவார்கள். கிணறு எங்கே, மேய்ச்சல் எங்கே, இந்த வரப்பு யாருடையது என்று நின்றுகொண்டே வாதாடுவார்கள். வாய் திறக்காதவர்கூட ஒரு கல்லை நகர்த்தி வைத்துவிட முடியும். முதலில் வரைபடம், பிறகு பேச்சு, கடைசியில் முடிவு. எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்த பிறகே சம்மதம் கேட்கப்படும்.

2022 பெரிய நிக்கோபாருக்கு இப்போது வருவோம். கலாத்தியா விரிகுடாவில் சரக்குப் பெட்டக மாற்றுத் துறைமுகம், விமான நிலையம், நகரியம், மின் நிலையம் என்று ஒரு பெரிய அரசுத் திட்டம். மொத்தம் 166 சதுர கிலோமீட்டர், அதில் சுமார் 130 சதுர கிலோமீட்டர் காடு. இதற்காகப் பழங்குடி ஒதுக்கு நிலத்தின் ஒரு பகுதியை விடுவிக்க வேண்டும். வன உரிமைச் சட்டம் 2006இன்படி காட்டு நிலத்தை வேறு பயனுக்குக் கொடுக்கக் கிராம சபையின் ஒப்புதல் தேவை என்று சுற்றுச்சூழல் அமைச்சகமே 2009இல் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. சபையில் பாதிப் பேராவது வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும் என்பது விதி.

இங்கே ஒரு முடிச்சு. பெரிய நிக்கோபாரில் பஞ்சாயத்துகள் உண்டு: காம்பெல் பே, கோவிந்த் நகர், லட்சுமி நகர். அவை குடியேறியவர்களின் ஊர்கள். நிக்கோபாரியருக்குப் பஞ்சாயத்து கிடையாது, பழங்குடிச் சபைதான். கேப்டன்களின் சபைக்கு 2009இல் ஒழுங்குமுறை மூலம் சட்ட வடிவமும் கொடுக்கப்பட்டது. 2022 ஆகஸ்டில் காம்பெல் பேயில் சிறப்புக் கிராம சபை கூட்டப்பட்டது. அதே மாதம் வன உரிமைகள் தீர்க்கப்பட்டு ஒப்புதல் பெறப்பட்டதாக நிர்வாகம் சான்றளித்தது. சிறிய–பெரிய நிக்கோபார் பழங்குடிச் சபையிடமிருந்தும் ஒரு தடையில்லாச் சான்று வாங்கப்பட்டது.

நவம்பர் 22 அன்று சபை அதைத் திரும்பப் பெற்றது. சுனாமிக்கு முன் தங்கள் மக்கள் வாழ்ந்த ஊர்களின் நிலமும் விடுவிக்கப்படும் பகுதியில் அடங்குகிறது என்பது கையெழுத்துப் போட்டபோது தங்களுக்குத் தெரியாது, போதிய விவரம் தராமல் அவசரப்படுத்திச் சம்மதம் வாங்கப்பட்டது என்பது சபையின் வாதம். சுனாமியில் ஊர் இழந்த அந்தக் குடும்பங்கள் காம்பெல் பே அருகில் ராஜீவ் நகரிலும் புதிய சிங்கென்னிலும் தங்கவைக்கப்பட்டவர்கள். தற்காலிகம் என்றுதான் வந்தார்கள். மேற்கிலும் தெற்கிலும் உள்ள பழைய ஊர்களுக்குத் திரும்ப வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். சபைத் தலைவர் பர்னபாஸ் மஞ்சு அதையே தொடர்ந்து சொல்லிவருகிறார்.

இதை வாக்கு மாறுதல் என்று சிலர் எழுதினார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. கையெழுத்து முதலில் வாங்கப்பட்டது; விஷயம் பிறகுதான் வீடுகளுக்குள் போனது. ஆகஸ்டில் விடுபட்டுப்போன பேச்சு நவம்பருக்குள் நடந்து முடிந்தது, பதிலும் வந்தது. கப்பல்காரர்கள் கேப்டன் ஒருவரைத் தேடிய அதே பழக்கத்தில், அரசு வழியின் கடைசிப் படியில் நின்று கை நீட்டியது. அந்தப் படிக்கு வரும் முன் உள்ள படிகளை எல்லாம் மக்கள் பின்னாலிருந்து ஏறி வந்து சேர்ந்தார்கள். ஆனால் அதற்குள் அக்டோபர் 27இல் வனத்துறையின் முதற்கட்ட அனுமதியும் நவம்பர் 11இல் சுற்றுச்சூழல் அனுமதியும் கொடுக்கப்பட்டுவிட்டன.

இந்தியாவில் வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. ஒடிசாவின் நியாம்கிரி மலையில் பாக்சைட் எடுப்பது பற்றி 2013 ஏப்ரல் 18இல் உச்ச நீதிமன்றம், கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்றது. அந்த ஆண்டு ஜூலையிலும் ஆகஸ்டிலும் மாவட்ட நீதிபதி ஒருவரின் முன்னிலையில் 12 ஊர்கள் ஒவ்வொன்றாகக் கூடின. டோங்கிரியா கோந்த் ஆண்களும் பெண்களும் தங்கள் மொழியில், தங்கள் மலையில் உட்கார்ந்து பேசினார்கள். 12 ஊர்களும் வேண்டாம் என்றன. அந்தப் பதிலை ஏற்பதா வேண்டாமா என்பது வேறு விவாதம். முதலில் அவர்களிடம் கேட்டார்கள் என்பதுதான் இங்கே முக்கியம். 2007இல் ஐ.நா. பொதுச் சபை பூர்வகுடிகள் உரிமைப் பிரகடனத்தை ஏற்றபோது இந்தியாவும் ஆதரித்து வாக்களித்தது. வற்புறுத்தல் இல்லாமல், முன்கூட்டியே, முழு விவரத்தோடு ஒப்புதல் பெற வேண்டும் என்பது அதன் நெஞ்சப் பகுதி. நியாம்கிரியில் அது முடிந்தது என்றால் சிங்கென்னில் ஏன் முடியாது? நிக்கோபாரியர் தங்கள் பழைய ஊர்களின் வரைபடத்தைத் தாங்களே தரையில் போட்டு, அதன் மேல் துறைமுகத்தின் எல்லைக்கோட்டையும் போட்டுக் காட்டியிருந்தால், ஆகஸ்டில் என்ன பதில் வந்திருக்கும் என்பது எல்லோருக்கும் அன்றே தெரிந்திருக்கும். பதில் எதுவானாலும் அது அவர்களுடையதாக இருந்திருக்கும்.

இந்தக் கணக்கில் இன்னும் பேசப்படாதவர்கள் ஷோம்பென். பெரிய நிக்கோபாரின் உள்காட்டில் வாழ்பவர்கள்; 2011 மக்கள்தொகைக் கணக்கில் 229 பேர். வெளியுலகத் தொடர்பை விரும்பாத அவர்கள் சார்பில் பேசும் பொறுப்பு அந்தமான் ஆதிம் ஜன்ஜாதி விகாஸ் சமிதி என்ற அரசு அமைப்பிடம் இருக்கிறது. கூட்டத்துக்கே வராத ஒரு மக்களின் மனதை யார், எப்படி அறிவது என்பதற்கு நிக்கோபாரியரின் முறையிலும் விடை இல்லை, நியாம்கிரியிலும் இல்லை. ஷோம்பென் மக்களின் கதை அடுத்த இதழில்.